எஸ்பிஏ அவசரக் கடன் ஆவணங்கள்: எது திறந்தது, எது மூடியது, எப்படிக் கேட்பது? (கேள்வி பதில்)

அமெரிக்காவில் பேரிடர் காலத்தில் கடன் கொடுக்கும் மத்திய அரசு அமைப்பு எஸ்பிஏ, அதாவது சிறுதொழில் நிர்வாகம். கோவிட் காலத்தில் இது இரண்டு பெரிய திட்டங்களை நடத்தியது. வங்கிகள் வழியாகப் போனது பிபிபி, ஊழியர் சம்பளத்துக்கான, நிபந்தனைப்படி தள்ளுபடியாகும் கடன். எஸ்பிஏ தானே நேரடியாகக் கொடுத்தது ஈஐடிஎல், பேரிடரால் நட்டப்பட்ட தொழில்களுக்கான கடன். இவற்றின் ஆவணங்களைப் பொதுமக்கள் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஃபோயா என்று வரும் இடமெல்லாம் 1966-இல் இயற்றப்பட்ட அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தைக் குறிக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் நிறுவனம் ஒன்று எவ்வளவு பிபிபி கடன் வாங்கியது என்று பார்க்க வேண்டும். ஃபோயா மனு எப்படி எழுதுவது?

எழுதவே வேண்டாம். எஸ்பிஏவின் தரவுத் தளத்தில் பிபிபி கடன்கள் எல்லாம் சிஎஸ்வி (அட்டவணைத் தரவு) கோப்புகளாகக் கிடைக்கின்றன. 1,50,000 டாலரும் அதற்கு மேலும் ஒரு கோப்பு. அதற்குக் கீழே உள்ளவை பல கோப்புகள். கடன் எண், பெயர், முகவரி, தொகை, வங்கி, ஊழியர் எண்ணிக்கை, தள்ளுபடியான தொகை, தேதி எல்லாம் அதில் உண்டு.

சிறிய கடன்களின் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து எக்செல்லில் திறக்காதீர்கள். எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் ஏற்காது, மிச்சம் வெட்டுப்படும். நிறுவனம் பட்டியலில் இல்லை என்று பலர் முடிவுகட்டுவது இப்படித்தான். ஒவ்வொரு கோப்பாகத் தேடுங்கள், அல்லது ஒரு தரவுத்தள மென்பொருளில் ஏற்றுங்கள். அஞ்சல் எண்ணை 'டெக்ஸ்ட்' வகையாக இறக்குங்கள். இல்லையென்றால் ஐந்து இலக்கமாக மட்டும் இருக்கும் வரிகளில் நியூ ஜெர்சியின் 08817, 8817 ஆகிவிடும். கடைப் பெயரில் கிடைக்காவிட்டால் பதிவுப் பெயரில் தேடுங்கள். பலகையில் ஒரு பெயரும் எல்எல்சி பதிவில் வேறு பெயரும் இருப்பது சாதாரணம்.

கேள்வி: தள்ளுபடித் தொகை கடனைவிட அதிகமாக இருக்கிறதே, மோசடியா? சில வரிகளில் கடன் நிலை என்ற இடத்தில் 'எக்ஸெம்ப்ஷன் 4' என்று வருகிறது, அது என்ன?

முதலாவது மோசடி இல்லை. பிபிபி கடனுக்கு ஆண்டுக்கு 1 சதவீத வட்டி. தள்ளுபடியில் வட்டியும் சேர்வதால் தொகை கொஞ்சம் கூடித் தெரியும்.

இரண்டாவது, ஃபோயாவின் நான்காம் விலக்கு. வணிக ரகசியமும் ரகசியமான நிதித் தகவலும் அதில் வரும். கடன் முழுதாக அடைந்தாலோ வாராக்கடனாக எழுதித் தள்ளப்பட்டாலோ அந்த நிலையை வெளியிடுகிறார்கள். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்கும் கடனுக்கு இந்த முத்திரை விழும். அதைப் பார்த்து 'இவர் கட்டவில்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று: ரத்தான கடன்கள் புதிய பதிப்பில் இருக்காது. ஒரு குறிப்பிட்ட கடனைப் பின்தொடர்பவர்கள் பழைய பதிப்பையும் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள்.

கேள்வி: மத்திய அரசின் செலவுகளைக் காட்டும் யுஎஸ்ஏஸ்பெண்டிங் தளத்தில் ஈஐடிஎல் கடனைத் தேடினால் தொகை மிகக் குறைவாகக் காட்டுகிறது. தரவு தவறா?

நீங்கள் பார்ப்பது வேறு கட்டம். அரசுக் கணக்கில் கடன் என்பது செலவு இல்லை; அந்தக் கடனால் அரசுக்கு ஏற்படும் என்று மதிப்பிட்ட இழப்புதான் செலவு. அதை 'சப்சிடி காஸ்ட்' என்பார்கள். கடன் வாங்கியவர் கைக்கு அனுமதியான தொகை வேண்டுமென்றால் 'ஃபேஸ் வேல்யூ' என்ற கட்டத்தைப் பாருங்கள். தேடும்போது திட்ட எண்ணைப் போட்டு வடிகட்டுங்கள்: பேரிடர்க் கடன் 59.008, பிபிபி 59.073.

கேள்வி: கடன் விண்ணப்பத்தோடு கொடுத்த வருமான வரிப் படிவங்கள், வங்கி அறிக்கைகள் கிடைக்குமா? நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியல்?

மூன்றாம் நபருக்குக் கிடைக்காது. அனுமதியான கடனில் பெயர், தொகை, பொதுவான நோக்கம், அடமானம், தவணைக் காலம் வரை திறந்தது. இலாப நட்டக் கணக்கு, வரிப் படிவம், தனி நபரின் சொத்து விவரம், கடன் மதிப்பெண் ஆகியவை நான்காம், ஆறாம் விலக்குகளில் அடைபடும். ஆறாவது தனிமனித அந்தரங்கம் பற்றியது. நிராகரிக்கப்பட்ட, திரும்பப் பெற்ற, நிலுவையில் உள்ள விண்ணப்பங்களில் பெயர் கேட்டால் மறுப்புதான் வரும். பெயர் இல்லாமல் எண்ணிக்கையாகக் கேளுங்கள்: மாநிலவாரியாக எத்தனை, எந்தக் காரணக் குறியீட்டில் எத்தனை. அப்படிக் கேட்டால் வழி உண்டு.

கேள்வி: பெயரும் தொகையும் மட்டும் எப்படித் திறந்தன? ஆரம்பத்தில் அதையும் மறைத்தார்களே?

2020 ஜூலையில் 1,50,000 டாலரும் அதற்கு மேலும் வாங்கியவர்களின் பெயரை மட்டும் வெளியிட்டார்கள், அதுவும் தொகையைத் துல்லியமாகச் சொல்லாமல் வரம்பாக. வாஷிங்டன் போஸ்ட் உள்ளிட்ட செய்தி நிறுவனங்கள் வழக்குப் போட்டன. எஸ்பிஏவின் வாதம் கேட்க நியாயமாகவே இருந்தது: பிபிபி கடன் என்பது மாதச் சம்பளச் செலவின் இரண்டரை மடங்கு; தொகையைச் சொன்னால் எவரும் 2.5-ஆல் வகுத்துச் சம்பளப் பட்டியலைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த வாதத்தைக் கவிழ்த்ததில் பெரும்பங்கு எஸ்பிஏவின் சொந்த விண்ணப்பப் படிவத்துக்கு. அனுமதியான கடனில் வாங்குபவர் பெயரும் தொகையும் கேட்பவருக்குத் தானாகவே தரப்படும் என்று அதிலேயே அச்சிட்டிருந்தார்கள். நான்காம் விலக்குக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் ஆர்கஸ் லீடர் வழக்கில் வைத்த அளவுகோல், கொடுத்தவர் வழக்கமாக ரகசியமாக வைத்திருந்தாரா, அரசு ரகசியம் காப்பதாக உறுதி சொன்னதா என்பதைச் சுற்றியது. வெளியிடுவோம் என்று முன்னாலேயே எழுதி வாங்கிவிட்டு ரகசியம் என்று சொல்ல முடியுமா? 2020 நவம்பர் 5 அன்று நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் வெளியிட உத்தரவிட்டார். டிசம்பர் 1-இல் தரவு வந்தது.

எந்த அமைப்பிடம் கேட்டாலும் முதலில் அதன் விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். அதில் உள்ள அறிவிப்பை மேல்முறையீட்டில் அப்படியே மேற்கோள் காட்டலாம்.

கேள்வி: வணக்கம் சார். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். நான் கேட்கலாமா? என் பெயரில் யாரோ ஈஐடிஎல் வாங்கியிருப்பதாகச் சந்தேகம், என் கோப்பும் வேண்டும்.

ஃபோயாவில் 'எந்த நபரும்' கேட்கலாம். குடியுரிமை வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். 1974-ஆம் ஆண்டின் பிரைவசி சட்டம்தான் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும் என்று வரம்பு வைத்தது. உங்கள் கோப்பை ஃபோயாவின் கீழ் கேளுங்கள்.

உங்களைப் பற்றிய ஆவணம் என்பதால் அடையாளச் சான்று கட்டாயம். நோட்டரி கையெழுத்து, அல்லது பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியோடு உங்கள் கையெழுத்து. இது இல்லாமல் போன மனு அப்படியே திரும்பும். சந்தேகத்தை எஸ்பிஏவின் அடையாளத் திருட்டுப் பிரிவில் தனியாகப் புகார் செய்யுங்கள். ஃபோயா மனு புகாராகாது. கோப்பு வரும்வரை புகாரைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

கேள்வி: மனுவில் என்ன எழுதுவது? "இந்த நிறுவனத்துக்கு ஏன் கடன் கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன், பதிலே உருப்படியாக இல்லை.

ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை ஃபோயாவில் கிடையாது. இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் கடமை. புதிதாக எழுதித் தருவதும் இல்லை. கீழே உள்ளது போல எழுதிப் பாருங்கள்:

"கடன் எண் இன்னது, வாங்கியவர் இன்னார். 2020 ஏப்ரல் 1 முதல் 2021 டிசம்பர் 31 வரையிலான பின்வரும் ஆவணங்களைக் கோருகிறேன்: கையெழுத்தான கடன் ஒப்பந்தம், அடமான ஆவணங்கள், கடன் தொகை மாற்றப்பட்டிருந்தால் அதற்கான அனுமதி. விலக்குக்கு உட்பட்ட பகுதிகளை மறைத்து மிச்சத்தைத் தரவும். பட்டியல் வடிவத் தரவை சிஎஸ்வியாகத் தரவும். கட்டணம் 25 டாலரைத் தாண்டினால் வேலை தொடங்கும் முன் தெரிவிக்கவும்."

கடன் எண், தேதி எல்லை, ஆவணத்தின் பெயர், இந்த மூன்றும் இருந்தால் தேடுபவருக்கு வேலை சுலபம். 'அனைத்து மின்னஞ்சல்களும்' என்று எழுதினால் மனு சிக்கலானவற்றின் வரிசைக்குப் போய்விடும். சிஎஸ்வி என்று கேட்காவிட்டால் அச்சிட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப் வரலாம், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: இரண்டு மாதம் ஆகிவிட்டது, பதில் இல்லை.

சட்டப்படி 20 வேலை நாள். அசாதாரணச் சூழல் என்று எழுதித் தெரிவித்தால் இன்னும் 10. 'மனு கிடைத்தது' என்ற கடிதம் முடிவாகாது. எதைத் தருகிறோம், எதை எந்த விலக்கில் மறுக்கிறோம் என்று சொல்வதுதான் முடிவு.

முதலில் மனு எண்ணைக் குறிப்பிட்டு, எப்போது முடியும் என்று உத்தேசத் தேதி கேளுங்கள். அதைச் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு. அடுத்து ஓஜிஐஎஸ், தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள இலவச சமரச அலுவலகம். கெடு தாண்டினால், அமைப்பிடமே செய்யும் மேல்முறையீடு இல்லாமலே மத்திய மாவட்ட நீதிமன்றம் போகலாம். ஆனால் வழக்குப் போடும் முன் மறுப்புக் கடிதம் வந்துவிட்டால் கதை மாறும்: மேல்முறையீட்டை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குக் குறைந்தது 90 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது 2016 திருத்தம். கெடுத் தேதி கடிதத்திலேயே இருக்கும். அதே திருத்தம், வெளியிட்டால் என்ன தீங்கு என்று முன்கூட்டியே காட்ட வேண்டும் என்கிறது. விலக்கு எண்ணை மட்டும் போட்டு மறுத்திருந்தால் அங்கே பிடியுங்கள்.

கேள்வி: கட்டணம் எவ்வளவு வரும்?

தனி நபருக்கு முதல் 2 மணி நேரத் தேடலும் 100 பக்கமும் இலவசம். செய்தியாளர், கல்வி நிறுவனத்தினர் தேடலுக்குக் கட்டுவதில்லை. வணிக நோக்கம் என்றால் தேடல், பரிசீலனை, நகல் மூன்றுக்கும் உண்டு. எந்த வகை என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: பிபிபி கடனின் சம்பளப் பட்டியல் ஆதாரங்கள் எஸ்பிஏவிடம் இல்லை என்கிறார்கள். நழுவுகிறார்களா?

பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பிபிபியில் ஆதாரங்களை வாங்கிப் பார்த்தது வங்கி. வங்கியின் அலமாரியில் இருப்பது ஃபோயாவுக்குள் வராது. எஸ்பிஏ ஆய்வுக்காக வரவழைத்த ஆவணம் மட்டுமே வரும். வந்தாலும் உள்ளே பாதி கறுப்பு மைதான்.

கேள்வி: பக்கத்து நிறுவனம் ஏமாற்றி வாங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். விசாரணைக் கோப்பைக் கேட்கலாமா?

எஸ்பிஏவின் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தனி ஃபோயா பிரிவு உண்டு, அங்கே கேட்க வேண்டும். விசாரணை நடக்கும்வரை ஏழாம் விலக்கு தடுக்கும். முடிந்த பிறகு மறுபடி கேட்கலாம்.

இதைவிட இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று, மத்திய நீதிமன்றங்களின் பேசர் தளம். குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், ஃபோயாவில் கிடைக்காத விண்ணப்ப விவரங்கள் அதில் வெளிப்படையாக இருக்கும். பக்கத்துக்கு 10 சென்ட், பெரும்பாலான ஆவணங்களுக்கு உச்சம் 3 டாலர், காலாண்டில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. இரண்டாவது, மாநிலச் செயலர் அலுவலகத்தின் யுசிசி பதிவுகள், அதாவது தொழில் சொத்தின் மேல் உள்ள அடமானங்களின் பதிவுகள். 25,000 டாலருக்கு மேற்பட்ட கோவிட் ஈஐடிஎல் கடனுக்கு எஸ்பிஏ தொழிலின் சொத்தை அடமானமாகப் பதிந்தது. நிறுவனம் பதிவான மாநிலத்தில் கடனாளி பெயரில் தேடுங்கள். பிபிபிக்கு அடமானம் கிடையாது, அதனால் யுசிசியில் தேடிப் பயனில்லை.

கேள்வி: புயலில் வீடு இழந்தவர்களுக்கு எஸ்பிஏ கொடுத்த கடன்?

தளத்தில் நிதியாண்டு வாரியாகக் கோப்புகள் உண்டு. அஞ்சல் எண் அளவில் இழப்பு மதிப்பும் அனுமதித்த தொகையும் இருக்கும். வீட்டுக்காரர் பெயர் இராது, அது அந்தரங்கம். ஆய்வுக்கு அஞ்சல் எண்ணே போதும்.

கேள்வி: ஐயா, 1930களின் ஆர்எஃப்சி கடன் ஆவணங்களைப் பார்க்க முடியுமா? வரலாற்று ஆய்வுக்கு.

முடியும். 1932 ஜனவரியில் தொடங்கிய அந்த மறுசீரமைப்பு நிதிக் கழகத்தின் ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் 234-ஆம் ஆவணத் தொகுதியாக இருக்கின்றன. மேரிலாந்தின் காலேஜ் பார்க் கிளைக்கு முதலில் எழுதுங்கள். திறந்துவிட்ட பெட்டிகளுக்கு ஃபோயா தேவையில்லை. ஆய்வாளர் அட்டை இலவசமாகத் தருவார்கள்.

பெயரை வெளியிடலாமா என்ற சண்டையும் அங்கிருந்தே வருகிறது. 1932 ஜூலையில் வந்த சட்டம் கழகத்தை மாதாமாதம் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரச் சொன்னது. சபாநாயகர் கார்னர் கடன் வாங்கியவர் பெயர்களை வெளியிட வைத்தார். பட்டியலில் பெயர் வந்த வங்கியில் மக்கள் பணத்தை எடுக்க ஓடுவார்கள் என்று எதிர்த்தார்கள். உண்மையில் எவ்வளவு ஓடினார்கள் என்பதில் பொருளியலாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால், வெளியீட்டுக்கு முந்தைய கடன்களையும் பிந்தைய கடன்களையும் தனித்தனியாகப் பட்டியல் போடுங்கள். 1932 ஜூனில் சிகாகோவின் சென்ட்ரல் ரிபப்ளிக் வங்கிக்குப் போன 9 கோடி டாலரில் தொடங்கலாம். கழகத்தின் தலைவர் பதவியிலிருந்து விலகிச் சில வாரங்களே ஆன சார்லஸ் டாஸின் வங்கி அது.