ஓவன் போட்டால் வீடே இருட்டாகிறது: டிரிப்பரைக் கழற்றலாமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டில் கேக் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனதில், 16 மாதத்துக்கு முன் வாங்கிய ஓடிஜி ஓவன் மழைக்காலம் முழுக்கப் பரணிலேயே கிடந்தது. இப்போது போட்டால் பத்து நிமிடத்தில் வீடு முழுக்க கரண்ட் போய்விடுகிறது. 'டிரிப்பர்தான் கோளாறு, அதைக் கழற்றிவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடலாம்' என்கிறார் எலெக்ட்ரீஷியன். வாரன்டி இரண்டு வருடம். ஆனால் விற்பனைக்குச் செய்வதால் அது செல்லாது என்று சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள். என்ன செய்வது?"

முதலில் அந்த எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். உங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே ஆள் அந்த டிரிப்பர்தான். போகிற கரண்ட் அவ்வளவும் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. வழியில் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு எங்காவது கசிந்தால், உடனே துண்டித்துவிடும். உங்கள் ஓவனில் அப்படித்தான் கசிகிறது.

எங்கே கசிகிறது? பெரும்பாலும் ஹீட்டிங் ராடில். வெளியே பார்க்க அது ஒரு உலோகக் குழாய். உள்ளே நிக்ரோம் சுருள். சுருள் குழாயைத் தொடாமல் இருக்க, இடைவெளி முழுக்க மெக்னீசியம் ஆக்ஸைடு பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தப் பொடி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். தினமும் ஓவன் ஓடினால் அந்தச் சூட்டிலேயே ஈரம் போய்விடும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில் கிடந்தால், ராடின் முனை வழியாக ஈரம் இறங்கிவிடும். பிறகு கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குக் கசிந்து, எர்த் வழியாக ஓடும். டிரிப்பர் விழும். ஓவன் செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

செய்து பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். டிரிப்பரில் 'டி' (T) என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை அழுத்துங்கள். விழுந்தால் டிரிப்பர் நலம். விழவில்லை என்றால் முதலில் அதை மாற்றுங்கள், அதுவரை ஓவனைத் தொட வேண்டாம். அடுத்து ஓவனைக் காலியாக, மூன்று பின் பவர் பிளக்கில் நேராகச் செருகி, 100 டிகிரியில், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும், ஓடும்போது ஓவன் உடம்பில் கை வேண்டாம். தாக்குப் பிடித்தால் ஆறவிட்டு, மறுபடி 150-ல் ஓட்டுங்கள். பல நேரங்களில் இதிலேயே சரியாகிவிடும். டிரிப் ஆனால் நிறுத்திவிடுங்கள். டிரிப்பரைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள். வெயிலில் வைப்பதால் பெரிய பலன் இல்லை, ஈரம் குழாய்க்குள் அல்லவா இருக்கிறது.

அப்படி நின்றுபோனால் மெக்கர், அதாவது கரண்ட் கசிவைக் கண்டுபிடிக்கிற இன்சுலேஷன் மீட்டர், வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். ராடு ராடாகச் சோதித்து எது கசிகிறது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். மெக்கர் இல்லாமல், மேல் ராடு, கீழ் ராடு, தெர்மோஸ்டாட், டைமர் எல்லாமே போச்சு என்று பட்டியல் போடுபவரிடம் ஓவனை விட்டுவிட்டு வராதீர்கள். ராடு சில நூறு ரூபாய்ப் பொருள். மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது ராடுக்கு ஃபைபர் கிளாஸ் உறை போட்ட வயர்தான் போட வேண்டும். சாதாரண பிவிசி வயர் 70 டிகிரியோடு சரி. அதை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் உருகி, கருகிய வாடை வரும்.

இனி நான் எப்போதும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிற விஷயம். டிரிப்பரைக் கழற்றக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னதும், சிலர் சத்தமில்லாமல் வேறு வேலை செய்வார்கள். ஓவனுக்குள் இருக்கும் பச்சை வயரை, அதாவது எர்த்தை, வெட்டிவிடுவார்கள். டிரிப் நின்றுவிடும். நீங்களும் சந்தோஷமாகக் காசு கொடுப்பீர்கள். ஆனால் கசிவு அப்படியேதான் இருக்கிறது, போக வழி இல்லாமல் ஓவன் உடம்பில் காத்துக்கொண்டிருக்கிறது. ஈரக் கையோடு முதலில் தொடுகிறவர் வழியாக அது தரைக்கு இறங்கும். உங்கள் வீட்டில் இப்போது கைக்குழந்தை வேறு இருக்கிறது. 30 மில்லி ஆம்பியரை எடுத்துவிட்டு 100, 300 என்று 'பெரிய டிரிப்பர்' போடுவதும் இதே கதைதான். 30 என்பது மனித உயிருக்கு வைத்த கணக்கு. ரிப்பேர் முடிந்ததும் பிளக்கின் பெரிய பின்னுக்கும் ஓவன் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொரு கூட்டம் இணையத்தில் உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி பெயர் போட்டு 'கஸ்டமர் கேர்' என்று தேடினால் முதலில் வருகிற எண் எல்லாம் கம்பெனி எண் இல்லை. பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள், இந்த ஆப்பை இறக்குங்கள் என்றால் ஃபோனை வைத்துவிடுங்கள். வாரன்டி அட்டையிலும் ஓவன் பின்பக்கத் தகட்டிலும் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள்.

சரி, வாரன்டி. இங்கே இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். அட்டையில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்தால், கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு வாதாடும். அது ஒன்று. நீங்கள் சட்டப்படி நுகர்வோரா என்பது வேறு. வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது பொது விதி. ஆனால் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவருக்கு விலக்கு இருக்கிறது. பழைய சட்டத்திலும் இது உண்டு. லக்ஷ்மி எஞ்சினியரிங் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர், லேத் வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர். உதவிக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தாலும் பரவாயில்லை. ஆள் வைத்து பேக்கரி நடத்தினால் கதை வேறு. ஓவன் வைத்துத் தானே கேக் சுடுகிற நீங்கள் முதல் வகையில் வருவீர்கள் என்பது என் கருத்து. சர்வீஸ் சென்டர் ஆள் ஃபோனில் சொன்ன ஒரு வரியால் இதெல்லாம் அழிந்துவிடாது.

அதனால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள். நீங்களே மின்னஞ்சலில் 'இன்ன தேதியில் இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள்' என்று எழுதி, பில், பின்பக்கத் தகட்டின் படம் இரண்டையும் இணைத்து அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். அவர்கள் புகாரை அந்தக் கம்பெனிக்கே அனுப்பிவைப்பார்கள், எவன் மறுத்தானோ அவனிடமே. 'தீர்க்கப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தாலும் வரும், ஓவன் மட்டும் அப்படியே இருக்கும். 2022-ல் 'பழுது நீக்கும் உரிமை' என்று தனி இணையதளமே திறந்தார்கள், அதில் உங்களுக்கு ராடு கிடைக்காது. இருந்தாலும் அந்தப் பதிவு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உதவும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி டெல்லியில் இருந்தாலும் சரி. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம்.

ஆனால் சில நூறு ரூபாய் ராடுக்காக அவ்வளவு தூரம் போவதா என்று நீங்கள் யோசித்தால் அதுவும் நியாயம்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெளியில் பிரித்துவிட்டால் 'வெளியாள் கை வைத்தது' என்று மீதி வாரன்டியும் போய்விடும். மின்னஞ்சல் அனுப்பி 15 நாள் பாருங்கள், அப்புறம் மெக்கானிக்கிடம் போகலாம்.