எக்ஸ்ஆர் மந்தமானால் புது போன் வேண்டாம், முதலில் பேட்டரி

30% சார்ஜ் இருக்கும்போதே அணைந்தது, அதன்பின் ஐபோன் எக்ஸ்ஆர் மந்தமாகிவிட்டது, ரீசெட் செய்தும் பயனில்லை என்கிறீர்கள். புது போன் வாங்க வேண்டாம், பேட்டரியை மாற்றுங்கள்.

பேட்டரி பழசாக ஆக அதன் உள்தடை, அதாவது உள்ளே மின்சாரம் பாய்வதற்கு இருக்கும் தடை, கூடும். பிராசசர் திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து போன் அணைந்துவிடும். அது மறுபடி நடக்காமலிருக்க ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் தானே வேகத்தைக் குறைக்கிறது. ரீசெட்டால் இது மாறாது. ஆப்பிள் 2017 டிசம்பரில்தான் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது, அதுவும் பயனர்கள் சோதித்துக் காட்டிய பிறகு!

1. செட்டிங்ஸில் பேட்டரி, அப்புறம் பேட்டரி ஹெல்த் பாருங்கள். அதிகபட்சத் திறன் 80%க்குக் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

2. எதிர்பாராமல் அணைந்ததாக அங்கே குறிப்பு இருந்தால், வேகக் குறைப்பை நிறுத்தும் வசதியும் அதன் அருகிலேயே இருக்கும். நிறுத்திவிட்டு ஒரு நாள் பாருங்கள். வேகம் திரும்பினால் காரணம் உறுதி. போன் மறுபடி அணைந்தால் வேகக் குறைப்பு தானாகவே திரும்ப வந்துவிடும்.

வெளிக்கடையில் மாற்றினால் 'அசல் பேட்டரி என்று உறுதிசெய்ய முடியவில்லை' என்ற எச்சரிக்கை வரலாம். எரிச்சல்தான், ஆனால் போன் வேலை செய்யும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள், நீங்களே திறக்கவும் வேண்டாம்.