பந்துதான் போலோ

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ‘போலோ டி-ஷர்ட்’ வாங்கி வந்தான். குதிரைமேல் ஏறி ஆடுகிறார்களே, அந்தப் போலோவின் பெயர்தானா இது? அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? மார்கோ போலோவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அதே போலோதான் அம்மா. பொருள் வெறும் ‘பந்து’. காரகோரம் மலைகளுக்கு நடுவே, ஸ்கர்துவைச் சுற்றியுள்ள பால்டிஸ்தானில் பேசப்படும் பால்டி மொழிச் சொல் அது. திபெத்தியத்துக்கு நெருங்கிய உறவுமொழி பால்டி. அங்கே பந்தின் பெயரே ஆட்டத்துக்கும் ஆகிவந்துவிட்டது. பள்ளியில் ‘யாழ் கேட்டாள்’ என்று படித்த கருவியாகுபெயரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாரசீகர்கள் கோலைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: சௌகான். 1210இல் லாகூரில் சுல்தான் குத்புதீன் ஐபக் குதிரையிலிருந்து விழுந்து இறந்தது அந்தச் சௌகான் ஆட்டத்தில்தான்.

ஆனால் ஆங்கிலேயர்கள் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது பாரசீகத்திலும் அல்ல, பால்டிஸ்தானிலும் அல்ல, மணிப்பூரிகளிடம். இதை நான் எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிவிடுவேன். அசாமின் கச்சார் பகுதியில் மணிப்பூரிகள் ஆடியதைப் பார்த்து மயங்கிய ஆங்கிலேய அதிகாரிகள் ஜோசப் ஷெரரும் ராபர்ட் ஸ்டூவர்ட்டும், தேயிலைத் தோட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு 1859இல் சில்சாரில் ஒரு கிளப் தொடங்கினார்கள். 1862இல் கல்கத்தாவில் இன்னொன்று. அங்கிருந்து இங்கிலாந்துக்கும் உலகத்துக்கும் போனது.

மணிப்பூரிகள் அதைச் ‘சகோல் காங்ஜெய்’ என்பார்கள். சகோல் என்றால் குதிரை; காங்ஜெய் என்பது வளைகோல் ஆட்டம். 1980களில் வேலை நிமித்தம் இரண்டு வருடம் இம்பாலில் இருந்தேன். ஊர் நடுவிலேயே இருக்கிறது மாபல் காங்ஜெய்புங் மைதானம். மாலையில் ஓரத்தில் போய் நின்றுவிடுவேன். கழுதை உயரத்துக்குச் சற்றே கூடுதலான மட்டக்குதிரைகள். பக்கத்துக்கு ஏழு பேர். மூங்கில் வேரில் செய்த பந்து. கோல் கம்பம் கிடையாது, எல்லைக்கோட்டைப் பந்து தாண்டினால் கோல். இன்றைய போலோவிலோ பக்கத்துக்கு நான்கு பேர்தான். அந்தச் சின்னக் குதிரைகள் திரும்பும் வேகத்தை இன்னும் கண்ணுக்குள் வைத்திருக்கிறேன். ஆட்டத்தைக் கொடுத்தவர்களின் பெயர் நிற்காமல், வேறொரு மலைநாட்டின் சொல் நிலைத்துவிட்டதே என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

மார்கோ போலோவுக்குத் தொடர்பே இல்லை. அது வெனிஸ் நகரத்துக் குடும்பப் பெயர். அவர் பிறந்தது 1254இல். ஆட்டத்தின் பெயராக ‘போலோ’ ஆங்கிலத்தில் ஏறியது 19ஆம் நூற்றாண்டில்.

உங்கள் மகனின் சட்டை விஷயம் வேடிக்கையானது. காலர் வைத்த அந்தக் குட்டைக்கைப் பின்னலாடையைப் பிரபலமாக்கியவர் ரெனே லகோஸ்ட் என்ற பிரெஞ்சு டென்னிஸ் வீரர். 1926இல் அமெரிக்கப் போட்டியில் அணிந்து ஆடினார். போலோக்காரர்களுக்கும் அது பிடித்துப்போக, பெயர் அவர்கள் பக்கம் போய்விட்டது.