பழைய காற்றாலை இறக்கைகளை எரிக்கலாமா?

அண்ணாச்சி, கயத்தாறு பக்கம் உங்கள் நிலத்தில் நின்ற பழைய 225 கிலோவாட் காற்றாலையைக் கழற்றும்போது இறக்கைகளை அறுத்து வரப்போரம் போட்டுவிட்டார்கள், எரித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எரிக்காதீர்கள். அது கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகியது. பிசின் நச்சுப்புகையாகும், இழை எரியாமல் மண்ணிலேயே கிடக்கும். ஆடு மாடு மேய்கிற இடம் வேறு. அறுத்த முனைகளை வெறும் கையால் தொடவும் வேண்டாம்.

கோபுர இரும்பு, ஜெனரேட்டர் செம்பு, கியர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் காயலான் கடையில் விலை உண்டு. இறக்கைக்குக் கிடையாது. அதனால்தான் விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார்கள். கோபுரம் லாரி ஏறுவதற்கு முன்பே, இறக்கையையும் எடுத்துக்கொள்வோம் என்று காற்றாலை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். நிலத்தைப் பழையபடி ஒப்படைக்கும் ஷரத்து குத்தகைப் பத்திரத்தில் இருந்தால் உங்கள் பக்கம் இன்னும் வலுவாகும்.

எங்கே கொண்டுபோவது என்று கேட்டால், சிமென்ட் சூளை என்று சொல்லுங்கள். ஜெர்மனியில் பல வருடங்களாக இப்படிச் செய்கிறார்கள். சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் பிசின் எரிபொருளாகிறது, கண்ணாடியிலுள்ள சிலிக்கா சிமென்ட்டோடு சேர்ந்துவிடுகிறது, தனியாகச் சாம்பல் மிஞ்சுவதில்லை. திருநெல்வேலி, அரியலூர் பக்கம் ஆலைகள் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியோடு இந்த மாதிரிக் கழிவை எடுக்கும் ஆலை எது என்று நிறுவனத்தையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கியர்பாக்ஸ் எண்ணெயை நிலத்தில் வடிக்க விடாதீர்கள். அது அபாயகரக் கழிவு, அனுமதி பெற்றவர்தான் எடுக்க வேண்டும்.