எல்லாம் தெரிந்த பிறகும் ஹாம்லெட் ஏன் தயங்குகிறான்?

ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், சித்தப்பா கிளாடியஸ்தான் அப்பாவைக் கொன்றார் என்று தெரிந்தும் ஹாம்லெட் பழிவாங்க ஏன் இவ்வளவு இழுத்தடிக்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் பி.ஏ. ஆங்கிலப் பிள்ளைகளுக்கு இந்த நாடகத்தை நடத்துகிறவள் நான். "அவன் ஒரு பயந்தாங்கொள்ளி, டீச்சர்" என்று யாராவது சொல்லாத வருடம் இல்லை.

பயந்தாங்கொள்ளியா? திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அரண்மனை மந்திரி பொலோனியஸை, யாரென்றுகூடப் பார்க்காமல் குத்திக் கொல்கிறான். கூடப் படித்த இருவரை, கடிதத்தை மாற்றி எழுதிச் சாவுக்கு அனுப்புகிறான். அதற்கு வருத்தமும் இல்லை. கிளாடியஸிடம் மட்டும்தான் கை ஓடவில்லை.

முதல் தயக்கம் நியாயமானது. சொன்னது ஓர் ஆவி. வந்தது அப்பாவா, அப்பா உருவில் வந்த பிசாசா? அதனால்தான் அதே கொலையை அரண்மனையில் நாடகமாகப் போடச் சொல்லி, சித்தப்பாவின் முகத்தைக் கவனிக்கிறான். அவர் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார். சரி, சந்தேகம் தீர்ந்தது.

அடுத்ததாக வரும் ஜெபக் காட்சிதான் எனக்கு முக்கியம். கிளாடியஸ் தனியாக மண்டியிட்டிருக்கிறார், பின்னால் வாளோடு ஹாம்லெட். ஜெபத்தில் இருப்பவரைக் கொன்றால் சொர்க்கத்துக்குப் போய்விடுவாரே என்று நினைக்கிறான். அப்பாவோ தூக்கத்தில், பாவமன்னிப்புக்கு வழியில்லாமல் செத்தவர். அதனால் பகலெல்லாம் நெருப்பில் வேகிறவர். இவரும் குடியிலோ சூதிலோ இருக்கும்போதுதான் சாக வேண்டும். ஒரு பைசா உதைத்தாலும் ஐந்தொகையை முடிக்காத எங்கள் ஊர்ப் பழைய கணக்கப்பிள்ளை மாதிரி, வாளை உறையில் போட்டுவிட்டுப் போகிறான். இந்தப் பேச்சு வாசிக்கவே கொடூரம் என்றார் ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன். கவிஞர் கோல்ரிட்ஜோ, தள்ளிப்போட அவன் தேடிய சாக்கு என்றார். நான் ஜான்சன் பக்கம். இது கோழையின் பேச்சு இல்லை, ஆளைக் கொன்றும் ஆறாதவனின் பேச்சு. இதில் வேடிக்கை, கிளாடியஸுக்கு அன்று ஜெபமே வரவில்லை. குத்தியிருந்தால் அவன் கேட்ட கணக்கு நேராகியிருக்கும்!

இன்னொன்று, செட்டிநாட்டில் விளக்கவே தேவையில்லாதது: எதிரி பங்காளி. வீட்டுப் பங்குக்குக் கோர்ட்டுக்கும் போய்க்கொண்டு, அதே முகப்பு வழியாக உள்ளே வந்து போகிறவர்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஹாம்லெட்டுக்கோ அந்தப் பங்காளி அம்மாவின் புருஷனும்கூட. அம்மாவை ஒன்றும் செய்யாதே என்று ஆவி வேறு சொல்லிவிட்டது. சித்தப்பாவைக் கொன்று அம்மாவை நோகாமல் விடுவது எப்படி?

தயங்காதவனையும் ஷேக்ஸ்பியர் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். தன் அப்பா பொலோனியஸைக் கொன்றவனைக் கோயிலுக்குள்ளேயே கழுத்தறுப்பேன் என்கிறான் லேயர்ட்டிஸ். கிளாடியஸ் அவனைச் சுலபமாகத் தன் கையாளாக்கிக்கொள்கிறார்.

கடைசியில் ஹாம்லெட் கொல்லும்போது திட்டமும் இல்லை, கணக்கும் இல்லை. அம்மா நஞ்சு குடித்து விழுந்துவிட்டாள், அவன் உடம்பிலும் நஞ்சு ஏறிவிட்டது. சித்தப்பாவைக் குத்தி, மிச்ச நஞ்சையும் வாயில் ஊற்றி, "என் அம்மா பின்னாலேயே போ" என்கிறான். அந்த நேரத்தில் அப்பா பெயரை அவன் எடுக்கவே இல்லை.