பழைய எஸ் கிளாஸ் காரின் பின்பக்கம் இரவில் இறங்கிவிடுகிறது. ஸ்ட்ரட் போய்விட்டது என்றுதான் அர்த்தமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: 2003 மாடல் மெர்சிடிஸ் எஸ் 350. காலையில் பார்த்தால் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் மெதுவாக எழுகிறது. ஒர்க்‌ஷாப்பில் பின் ஸ்ட்ரட் (சக்கரத்துக்கு மேலே நின்று வண்டியைத் தாங்கும் பாகம்) இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஸ்ட்ரட்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, ஆனால் அதை யாரும் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் டபிள்யூ220 என்று குறிக்கப்படும் இந்தத் தலைமுறை எஸ் கிளாஸ் வண்டிகளில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். சோதிக்காமல் பாகத்தை மாற்றி, அடுத்த வாரமே அதே வண்டி அதே மாதிரி உட்கார்ந்து திரும்பி வந்ததை அங்கே அடிக்கடி பார்த்திருக்கிறேன். செலவு முழுக்க வண்டிக்காரர் தலையில்தான் விழும்.

முதலில் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1998-இல் வந்த இந்தத் தலைமுறையில்தான் ஏர்மேட்டிக் என்ற காற்று சஸ்பென்ஷன் முதல்முறையாக வந்தது. நான்கு சக்கரத்திலும் ஸ்ட்ரட்டில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர் பை. முன்பக்கம் ஒரு கம்ப்ரஸர் காற்றை அடைக்கிறது. வால்வ் பிளாக் அதை நான்கு மூலைக்கும் பிரித்து அனுப்புகிறது. உயரத்தை அளக்க முன்னால் இரண்டு லெவல் சென்சார், பின்னால் ஒன்றே ஒன்று. இந்த 'ஒன்றே ஒன்று' என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும். (எஸ் 600 போன்ற சிலவற்றில் ஏபிசி என்ற ஆயில் சிஸ்டம் இருக்கும். அது வேறு கதை, இந்தப் பதில் அதற்குப் பொருந்தாது.)

கண்டுபிடிக்க வேண்டிய முதல் விஷயம், வண்டி எப்போது இறங்குகிறது என்பது. நிறுத்திய பிறகு மணிக்கணக்கில் மெல்ல இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. ஓடும்போதோ ஸ்டார்ட் செய்த உடனேயோ இறங்கினால், உயரத்தைக் கவனித்துக் காற்றை ஏற்றி இறக்கும் கண்ட்ரோல் யூனிட்டே காற்றை வெளியே விடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு ஒர்க்‌ஷாப்பில் ஸ்ட்ரட் மாற்றச் சொல்லியிருந்தார்கள். பார்த்தால் பின் லெவல் சென்சாரின் சின்ன இணைப்புக் கம்பி கழன்று, அதன் கை தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி உயரமாக நிற்கிறது என்று நினைத்து யூனிட் காற்றை விட்டுக்கொண்டே இருந்தது. ஸ்ட்ரட் இரண்டும் நன்றாகவே இருந்தன.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது கசிவுதான். ஸ்டார்ட் செய்தால் எழுகிறது என்பதால் கம்ப்ரஸரும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 'மெதுவாக' என்பதுதான் கவலை. தினமும் காலி பையை நிரப்பி நிரப்பிக் கம்ப்ரஸர் சூடாகித் தேய்ந்துகொண்டிருக்கிறது. கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

சரி, எந்தப் பக்கம் கசிகிறது? சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் நான்கு மூலையும் அளந்து எழுதிவையுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரில் காற்று குறைந்தால் கணக்கு தப்பும். காலையில் மறுபடி அளக்கும்போது கதவைத் திறக்கவே கூடாது. திறந்தால் யூனிட் விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். பின்னால் ஒரே சென்சார் என்பதால் இரண்டு பையையும் சேர்த்தே நிரப்பும், எந்தப் பக்கம் கசிந்தது என்ற தடயம் அழிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் சென்சாரை மறந்துவிடலாம், அந்தப் பக்கத்துப் பை, குழாய், வால்வ் என்று தேடலைச் சுருக்கலாம். இரண்டும் சமமாக இறங்கியிருந்தால் வால்வ் பிளாக் மேல் சந்தேகம் கூடும். ஆனால் ஒரே வயதுடைய இரண்டு ரப்பரும் சேர்ந்தே வெடிப்பு விட்டிருக்கவும் கூடும்.

அடுத்தது சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றி, பையின் கீழ் மடிப்பில், குழாய் சேரும் இடத்தில், வால்வ் பிளாக் இணைப்புகளில் அடித்துவிட்டுப் பொறுமையாகப் பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ரப்பர் மடிப்பு விரிந்துவிடும். வழக்கமான உயரத்தில் மடிந்து நிற்கும் இடத்தில் உள்ள வெடிப்பு அப்போது கசியாமலே போகலாம். அதனால் நான்கு தூண் லிஃப்டிலோ பள்ளத்தின் மேலோ சக்கரத்தில் எடை இருக்கும்படி நிறுத்தியும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். காற்று இறங்கினால் பாடி நேராக உங்கள் மேல்தான் இறங்கும். பாடிக்குக் கீழே ஸ்டாண்ட் கட்டாயம்.

குமிழி எங்கும் வரவில்லை என்றால்தான் வால்வ் பிளாக்குக்கு வர வேண்டும். உள்ளே கசிவது வெளியே தெரியாது. காற்று வந்த வழியே திரும்பிப் போய்விடும். இறங்குகிற மூலையின் குழாயை வால்வ் பிளாக்கில் கழற்றி, பையிலுள்ள காற்று போகாதபடி அடைத்துவிட்டு இரவு முழுக்க விட வேண்டும். இதற்கு விஷயம் தெரிந்த கை வேண்டும், வீட்டில் முயல வேண்டாம். மூலை அப்படியே நின்றால் குற்றவாளி வால்வ் பிளாக். அப்போதும் இறங்கினால் ஸ்ட்ரட் அல்லது குழாய். ஸ்ட்ரட் மாற்றச் சொல்பவரிடம் இந்தச் சோதனை செய்தீர்களா என்று மட்டும் கேளுங்கள். பதிலிலேயே அவர் யாரென்று தெரிந்துவிடும்.

ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போனால், ஏர்மேட்டிக் யூனிட்டைப் படிக்கும் ஸ்கேனர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இஞ்சினை மட்டும் படிக்கும் சின்னக் கருவி இதற்கு உதவாது. அது காட்டும் உயரத்தையும் உங்கள் டேப் காட்டும் உயரத்தையும் ஒப்பிட வேண்டும். டேப்பில் வண்டி தாழ்ந்திருக்க, ஸ்கேனர் 'சரியாக இருக்கிறது' என்றால் சென்சாரோ அதன் கம்பியோ தப்பு. சென்சாரைத் தொட்டால் கடைசியில் லெவல் கேலிபரேஷன் (சரியான உயரம் எது என்று யூனிட்டில் மறுபடி பதிவது) செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

காலையில் பின்பக்கம் முழுதாக எழும்வரை நகர்த்த வேண்டாம். காற்றில்லாத பையோடு ஓட்டினால் ரப்பர் நசுங்கிக் கிழியும், நல்ல பக்கத்துப் பையும் கெடும். சுருள் ஸ்பிரிங் மாற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். என் கருத்தில் அது இந்த வண்டியின் சுகத்தையே கழற்றிப் போடுவது. முதலில் இரவும் காலையும் எடுத்த எட்டு அளவுகளையும் இங்கே எழுதுங்கள், பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.