இடைக்கால இங்கிலாந்தில் நீதிமன்றத்துக்கு வராமலிருக்க என்னென்ன சாக்குச் சொல்லலாம்?

நிறையச் சொல்லலாம். வாய்தா வாங்குவதற்கே தனிச் சட்டம் வைத்திருந்த நாடு அது. இப்படிச் சொல்லும் சாக்குக்கு 'எஸ்ஸாயின்' என்று பெயர். 1180களின் கடைசியில் எழுதப்பட்டு, கிளான்வில் பெயரால் வழங்கும் சட்ட நூல் இதைத் தொடக்கத்திலேயே விலாவாரியாகப் பேசுகிறது.

பெரும்பாலும் நிலத் தகராறுகள்தான். நிலத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு வழக்கு இழுக்க இழுக்க லாபம். அதனால் பிரதிவாதிகள் இதை விடவே மாட்டார்கள்.

வரும் வழியில் உடம்புக்கு முடியவில்லை, ராஜாவின் வேலையில் இருக்கிறேன், கடல் கடந்து போயிருக்கிறேன், ஜெருசலேம் யாத்திரை... ஆளனுப்பி இப்படிச் சொன்னால் போதும். யாத்திரைக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் தவணை. கடல் கடந்தவருக்கு 40 நாள், அதற்கு மேல் கடலின் ஒரு ஏற்றமும் ஒரு வற்றமும்! அதை யார் கரையில் நின்று எண்ணினார்களோ.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'படுத்த படுக்கையாக இருக்கிறேன்' என்பதுதான். அப்படிச் சொன்னால் நான்கு நைட்டுகள், அதாவது வீரப் பட்டம் பெற்ற பிரமுகர்கள், வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். நிஜமான நோய்தான் என்று அவர்கள் சொல்லிவிட்டால் ஒரு வருஷமும் ஒரு நாளும் கிடைக்கும். ஆனால் அதன்பிறகு அனுமதியில்லாமல் எழுந்து நடமாடக் கூடாது. வயல் பக்கம் உலாத்தும்போது எதிராளி கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் நிலமே போய்விடும். நன்றாக இருக்கும் மனுஷன் ஒரு வருஷம் கட்டிலோடு கிடக்க வேண்டும் என்றால், அதற்கு நீதிமன்றத்துக்கே போய்விடலாம்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் கூட்டாளிகளுடையது. ஒரே நிலத்துக்குப் பங்காளிகள் பலர் என்றால், இந்தத் தடவை ஒருவர் வரமாட்டார், அடுத்த தடவை இன்னொருவர். எல்லோரும் ஒன்றாக வந்தால்தானே வழக்கு நகரும்? 1275இல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் இந்த முறைவைப்பு விளையாட்டுக்குத் தடை போட்டது. உடனே ஓட்டை தேடியிருப்பார்கள் போல. 1278இல் குளோஸ்டர் சட்டத்தில் கணவன் மனைவி மாறி மாறிச் சாக்குச் சொல்வதையும் தனியாகத் தடுக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னவர் சம்மன் வந்த அன்று உள்நாட்டில்தான் இருந்தார் என்று எதிராளி நிரூபித்தால், அவர் சாக்குச் செல்லாது என்பதும் அந்த 1275 சட்டத்தில்தான் வந்தது.

எல்லா வழக்குக்கும் இந்த வசதி இல்லை. இரண்டாம் ஹென்றி காலத்தில் வந்த 'நோவல் டிஸ்ஸீசின்', அதாவது சமீபத்தில் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவர் மீதான வழக்கில், பிரதிவாதிக்கு எஸ்ஸாயினே கிடையாது. நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் அந்த வழக்கை விரும்பித் தொடுத்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.